காற்றுக்கு எதிரே நின்று வீசினால்: மென்பந்தும் சுழற்சியும்

இலங்கையில் 'மென்பந்து' என்றால் டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சொஃப்ட்போல் என்பது வேறு விளையாட்டு. பேஸ்போலின் தங்கை போன்றது. அங்கே வீச்சாளர் தோளுக்கு மேலால் வீச முடியாது. கையை ஒரு முழு வட்டமாகச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழாலேயே பந்தை விட வேண்டும். இதன் வேகமான வகைக்கு ஃபாஸ்ட்பிட்ச் என்று பெயர். அதை முதன்முதலாக யூடியூப்பில் பார்த்த அன்று எனக்கு வந்தது வியப்பல்ல, கோபம். கற்பிட்டிக் கரையில் 'பொம்பிளைப் பிள்ளை எறியிறது' என்று நானாமார் சிரித்த அதே கீழ்க்கை வீச்சுக்கு அங்கே ஒலிம்பிக் பதக்கம் கொடுக்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து ஒதுங்கினார்கள். மன்னாரிலிருந்து வந்த எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் அப்போது கைக்குழந்தை. எனக்கு நினைவு தெரிந்தபோது கிடுகுக் கொட்டில்களுக்கு அப்பால் கடற்கரை இருந்தது. கரையில் தென்னை மட்டைத் துடுப்பும் ஒரேயொரு டெனிஸ் பந்தும் இருந்தன. பெண் பிள்ளைகள் பந்து பொறுக்கலாம். ஆள் குறைந்தால் கீழால் எறியலாம். அப்படி எறிந்து எறிந்துதான், விரல்களைப் பந்தின் பின்னால் மேல்நோக்கி இழுத்துவிட்டால் அது துடுப்புக்கு முன் திடீரென்று தாழும் என்று கண்டுபிடித்தேன். ஏன் தாழ்கிறது என்று அப்போது தெரியாது.

காரணம் காற்றில் இருக்கிறது. விரல் மேல்நோக்கி இழுக்கும்போது பந்து முன்னோக்கி உருளும் சுழற்சியைப் பெறுகிறது. அதன் மேற்பக்கம் எதிரே வரும் காற்றை எதிர்த்து ஓடும். கீழ்ப்பக்கம் காற்றோடு சேர்ந்து ஓடும். மேற்பக்கத்தில் காற்று பந்தை விட்டுச் சீக்கிரமாகப் பிரிந்துவிடும். கீழ்ப்பக்கத்தில் சற்று நேரம் ஒட்டியிருந்து, வளைந்து, பின்னால் மேல்நோக்கிப் போகும். பந்து காற்றை மேலே தள்ளினால் காற்று பந்தைக் கீழே தள்ளும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். டெனிஸ் பந்து வளைந்து பறப்பதைப் பற்றி நியூட்டன் 1672இலேயே எழுதியிருக்கிறார். பெயரைத் தந்தவர் ஜெர்மனிய விஞ்ஞானி ஹைன்ரிச் மேக்னஸ். 1850களில் அவர் ஆராய்ந்தது விளையாட்டுப் பந்தை அல்ல. பீரங்கிக் குண்டுகள் குறியிலிருந்து ஏன் விலகுகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரலாறு அவ்வளவு இனிக்காது.

நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த பந்துக்கு ஃபாஸ்ட்பிட்ச்சில் 'டிரொப்' என்று பெயர். அதற்கு நேர் எதிரானது 'ரைஸ்'. கையைப் பந்துக்கு அடியில் கொண்டுபோய், கதவுக் குமிழைத் திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பிப் பின்சுழற்சி கொடுப்பார்கள். பந்து மேலே ஏறுவதாக எதிரே நிற்பவர் சத்தியம் செய்வார். உண்மையில் அது ஏறுவதில்லை. ஏறுவதென்றால் காற்றின் தள்ளல் பந்தின் எடையை வெல்ல வேண்டும். சொஃப்ட்போல் ஏறக்குறைய 180 கிராமுக்கும் 200 கிராமுக்கும் இடையில் நிறையுள்ளது. மனிதக் கை கொடுக்கும் சுழற்சி அதற்குப் போதாது. பெண்களுக்கான வீச்சுத் தூரம் 43 அடி. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய 0.4 செக்கனில் வந்துவிடும். சுழற்சியே இல்லாவிட்டால் அதற்குள் அது முக்கால் மீற்றர் அளவுக்குக் கீழிறங்கியிருக்கும். பின்சுழற்சி அந்த இறக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இறங்கும் என்று கணக்குப் போட்ட கண் ஏமாந்துபோகிறது.

சுழற்சி இருந்தால் மட்டும் போதாது, அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். துப்பாக்கிச் சன்னம்போல் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும் பந்தை, அசையாத காற்று எந்தப் பக்கமும் தள்ளாது. ஆனால் கற்பிட்டியில் காற்று எப்போது அசையாமல் இருந்தது? தென்மேல் பருவக்காற்று மாதங்களில் அது கடலிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். அதை நம்பித்தான் காற்றாலைகளை நட்டார்கள், பட்டச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள்.

எங்கள் கரையின் பெரிய புதிருக்கும் விடை இங்கேதான் இருந்தது. முரளிதரனைப் பார்த்து என் நானா ஓஃப் ஸ்பின் பழகியிருந்தார். வடக்கே பார்த்து வீசினால் பந்து மிதந்து நீண்டுபோய் அடிவாங்கும். தெற்கே பார்த்து வீசினால் குறுகி விழுந்து விக்கெட் எடுக்கும். கடல் தெற்கே பார்ப்பவருக்கு வலப்பக்கம். வீச்சாளர் பக்கமிருந்து பார்த்தால் ஓஃப் ஸ்பின் பந்து கடிகார முள்போல் சுழலும்; அதன் உச்சி வலப்பக்கமாக, அதாவது கடற்காற்றுக்கு எதிராக ஓடும். அந்தக் காற்றைப் பொறுத்தவரை அது முன்சுழற்சிதான். ஆகவே பந்து கீழே தள்ளப்படும். வடக்கே திரும்பி நின்றால் அதே காற்று இடப்பக்கமிருந்து வந்து பந்தைத் தூக்கிவிடும். நானா இதை ஜின் வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இதே திறமைதான் அவரைக் கவிழ்த்தது. டெனிஸ் பந்து 58 கிராம் அளவு. கிரிக்கெட் பந்து 160 கிராம் அளவு. பருமனில் பெரிய வேறுபாடில்லை. அதனால் ஒரே மாதிரியான வேகத்திலும் சுழற்சியிலும் டெனிஸ் பந்தைக் காற்று இரண்டு மடங்குக்கு மேல் அசைக்கும். பாடசாலைத் தெரிவில் முதன்முதலாகத் தோல் பந்தைக் கையில் கொடுத்தபோது, நானா காற்றை நம்பி வீசினார். பந்து நேராகப் போனது. தோல் பந்தில் தையலைத் தரையில் கடிக்கவைப்பதுதான் வித்தை. ஆடுதளமே இல்லாத மணலில் வளர்ந்தவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஆறு பந்தோடு 'போதும்' என்று அனுப்பிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து லெக் ஸ்பின்னர் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல் வரை போனதைக் கொண்டாடும்போதெல்லாம், தோல் பந்தையே தொடாமல் நின்றுபோனவர்களை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எனக்குத் தெரிவு என்ற ஒன்றே இருக்கவில்லை. பெரிய பிள்ளையானதும் கரைக்குப் போவது நின்றது. ஜப்பானின் யுகிகோ உவெனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாட்களில் 413 பந்துகளைக் கீழ்க்கையால் வீசித் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார் என்பதை, ஊடகக் கற்கை படிக்கப்போன பிறகுதான் அறிந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிறுமி தம்பிக்குக் கீழால் எறிந்துகொண்டிருந்தாள். விரலை எப்படி இழுப்பது என்று காட்டினேன். முதல் இரண்டும் எங்கேயோ போயின. மூன்றாவது, துடுப்புக்கு அடியால் விழுந்து குச்சியைத் தட்டியது. "அது காத்து, அவுட் இல்ல" என்றான் தம்பி. அவள் ஒன்றும் பேசவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு வந்து, காற்று நேராக முகத்தில் அடிக்கும் பக்கமாக நின்றுகொண்டு, "சரி, திரும்ப நில்லு" என்றாள்.