ஆணி அடித்த காலணி

எல்லாம் ஒரு காலணியில் தொடங்கியது. 'ஷோலே' ஹிந்திப் படத்தின் கடைசிச் சண்டையில் தாக்கூர் பல்தேவ் சிங், தன் இரண்டு கைகளையும் வெட்டிய கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் காலாலேயே மிதித்து வீழ்த்துவார். காலணியின் அடியில் கூரான ஆணிகள். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஒரு நாள் திடீரென்று உறைத்தது: அந்த ஆணிகளை அடித்தது யார்? கையில்லாத மனிதருக்குக் காலணியை மாட்டிவிடவே இன்னொரு ஆள் வேண்டுமே.

சலீம்-ஜாவேத் எழுதிய அந்தத் திரைக்கதை ஒரு பொருளையும் சும்மா கொண்டுவந்து வைக்காது. தாக்கூர் கூலிக்கு அமர்த்திய இரண்டு திருடர்களில் ஒருவனான ஜெய் சுண்டிப் போடும் நாணயத்துக்கு இரண்டு பக்கமும் தலைதான் என்பது அவன் செத்த பிறகே கூட்டாளி வீருவுக்குத் தெரியும். அதற்குள் அந்த நாணயத்தை நாம் பல முறை பார்த்துவிட்டிருப்போம். தாக்கூரின் சால்வை, ஜெய்யின் மௌத் ஆர்கன், எல்லாம் அப்படித்தான், முன்னாலேயே நம் கண்ணில் படும். காலணி மட்டும் அநாதையாக, எங்கிருந்தோ வந்து நிற்கிறது. எழுதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எடுத்தது யார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 1975 ஜூன் 25 அன்று அவசரநிலை வந்தது. ஆகஸ்ட் 15 அன்று படம் வெளியாக வேண்டும். இடையில் தணிக்கை வாரியம் குறுக்கே நின்றது. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர் தன் பழியைத் தானே தீர்த்துக்கொண்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்களுடைய கவலை. இயக்குநர் ரமேஷ் சிப்பி மோதிப் பார்க்கத் தயாராக இருந்தார். தயாரிப்பாளரான தந்தை ஜி.பி. சிப்பி வழக்கறிஞர், காலத்தின் போக்கு அவருக்குத் தெரியும், மகனைத் தடுத்துவிட்டார். தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார், போயிருந்த சோவியத் நாட்டிலிருந்து அவசரமாகத் திரும்பி வந்தார். கப்பரைக் கொல்லப்போகும் நேரத்தில் போலீஸ் வந்து சட்டத்தை நினைவூட்டும் முடிவு படமாக்கப்பட்டது. படத்தைப் பற்றி அனுபமா சோப்ரா 2000-இல் எழுதிய புத்தகம் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது. ஆனால் படித்து அறிவது ஒன்று, கண்ணால் காண்பது வேறு. எனக்கு அந்தக் காட்சியே வேண்டும்.

முதலில் போன வழி முட்டுச்சந்து. 'ஷோலே'யின் வசனங்கள் இசைத்தட்டாகவே வந்து சக்கைப்போடு போட்டவை. பழைய தட்டு ஒன்றைத் தேடி வாங்கினேன். பிறகுதான் புத்தி வந்தது: அந்த வசனத் தட்டே படம் ஓடத் தொடங்கிய பின் வந்தது. தணிக்கைக் கத்தரி விழுந்த படத்தின் ஒலியில், கத்தரியில் போனது எப்படி இருக்கும்?

அடுத்து வீடியோ கேசட். வெட்டுப்படாத வடிவம் முதலில் வெளியே வந்தது 1990-இல், பிரிட்டனில் வெளியான கேசட்டில். பதினைந்து வருடம் தியேட்டரில் யாரும் பார்க்காத முடிவு, நாம் ஞாயிற்றுக்கிழமைக்கு டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்து இளக்காரமாக நினைத்த அந்த நாடாவில் ஏறியிருந்தது. லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தன் பழைய கேசட்டுகளைக் கொடுத்தபோது அதில் 'ஷோலே' இரண்டு பாகமாக இருந்தது. அட்டை இல்லை, நகலெடுத்தது. மேலே பேனாவால் 'மொத்தம் 196 நிமிடம்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் பாகத்தில் பூஞ்சை. டெக்கில் போட்டால் ஹெட் போய்விடும் என்றார் ரிப்பேர்காரர்.

இங்கேதான் நான் சறுக்கினேன். தணிக்கையான வடிவம் 198 நிமிடம், முழு வடிவம் 204 நிமிடம் என்று குறித்து வைத்திருந்தேன். 196 என்றால் குறைந்த வடிவத்தைவிடவும் குறைவு, ஆகவே இது வெட்டுப்பட்ட பிரதிதான் என்று முடிவு கட்டி, பூஞ்சை பிடித்த பாகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

என்னைத் திருத்தியது சங்கீதம். வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முதல் பாகத்தில் ஜெய்யும் வீருவும் பக்கத்து இருக்கை வைத்த மோட்டார் சைக்கிளில் நட்பைப் பாடிக்கொண்டு போகும் பாட்டு ஓடியது. நண்பர் காதைத் தீட்டினார். "கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறியிருக்கே சார், டெக் வேகமா ஓடுதா?" என்றார். ஆர்.டி. பர்மனின் இசைத்தட்டைப் போட்டு ஒப்பிட்டோம். அவர் சொன்னது சரி. ஆனால் கோளாறு டெக்கில் இல்லை. சினிமா நொடிக்கு 24 படச்சட்டம் ஓடும். பிரிட்டனிலும் இங்கேயும் இருந்த பால் (PAL) முறை வீடியோ 25 ஓட்டும். படத்தை அதில் ஏற்றும்போது நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். சுருதி ஏறும், நேரம் குறையும். 204 நிமிடப் படத்தைக் கணக்குப் போட்டால் 196 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

அன்றே பரணில் ஏறினேன். நாடாவைச் சுத்தம் செய்து வாங்க மூன்று வாரம் ஆனது. கடைசிப் பகுதியில் திரை முழுக்கக் கோடும் பனித்தூறலும். போலீஸ் வரவேயில்லை. கப்பர் சாகிறான். பழி தீர்ந்த தாக்கூர் வெற்றிவீரராக நிற்கவில்லை, உடைந்து அழுகிறார். சஞ்சீவ் குமாரின் இந்த அழுகைதான் படத்தின் உண்மையான முடிவு என்பேன். சட்டப் பிரசங்கம் செய்யும் போலீஸ் அதிகாரியைக் கேட்டால் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான் வரும். சட்டம் போதும் என்றால் தாக்கூர் எதற்கு இரண்டு திருடர்களைக் கூலி பேசி ராம்கர் கிராமத்துக்கு அழைத்து வந்தார்?

இந்த இருவரின் கூத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஷோலே'யைப் பழிவாங்கும் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் படத்தை மறுபடி பார்க்கட்டும். சாப்ளினின் 'த கிரேட் டிக்டேட்டர்' மீசையோடு வரும் அஸ்ரானியின் ஜெயிலர், ஜெகதீப்பின் சூர்மா போபாலி, நண்பனுக்குப் பெண் கேட்கப் போய் அவன் மானத்தையே வாங்கும் ஜெய், குடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி மிரட்டும் வீரு. வாய் ஓயாத பசந்தியாக ஹிந்தியில் வெளுத்து வாங்குவது நம் அம்மன்குடியில் பிறந்த ஹேமமாலினி. பிரதிகளை ஒப்பிட்டபோது கவனித்தேன்: கத்தரி இந்தச் சிரிப்பின் பக்கமே போகவில்லை. முடிவைத் தவிர, இமாமின் மகன் கொல்லப்படுவதும் தாக்கூர் குடும்பம் அழிக்கப்படுவதும் குறைக்கப்பட்டிருந்தன. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆறு நிமிடம் என்றால் 540 அடி, ஒரு ரீலில் பாதி. அந்தப் பாதி ரீலைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு டிவிடிகள் கிடைத்தன. ஒன்று 204 நிமிடம், மற்றது 198. அருகருகே ஓட்டினால் வேறு ஒரு வேறுபாடு கண்ணைக் குத்தும். படத்தை எடுத்தது 35 மி.மீ. பிலிமில், பின்னர் பிரிட்டனில் 70 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கினார்கள். அப்படிச் செய்யும்போது மேலேயும் கீழேயும் நறுக்க வேண்டும். குறைந்த வடிவம் அகலத்திரை, முழு வடிவமோ நறுக்காத முழுச்சட்டம். கர்நாடகத்து ராமநகரப் பாறைகளுக்கு மேலே துவாரகா திவேச்சாவின் கேமரா பிடித்த வானம், 70 மி.மீ. திரையில் எவரும் பார்க்காத வானம், அதில் இருந்தது. கதை முழுசாக வேண்டுமா, தியேட்டர் சட்டகம் வேண்டுமா? இரண்டும் ஒரே வட்டில் கிடையாது.

அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன். சிப்பி ஃபிலிம்ஸுடன் சேர்ந்து அவர்கள் செய்த வேலைக்கு முன்னால் என் பரண் ஆராய்ச்சி குழந்தை விளையாட்டு. மூல நெகட்டிவ் மோசமாகச் சிதைந்திருந்தது. அசிடேட் பிலிம் கெடும்போது அசிட்டிக் அமிலம் கசியும், பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். அந்த நோய்க்கு மருந்து இல்லை. 70 மி.மீ. பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் பிரிட்டனில் ஒரு கிடங்கில் நெகட்டிவிலிருந்து எடுத்த பாசிட்டிவ் நகலான இண்டர்பாசிட்டிவ் ஒன்றும் இரண்டு கலர் ரிவர்சல் இண்டர்மீடியட்டும் இருந்தன. பின்னது நெகட்டிவிலிருந்து நேரே இன்னொரு நெகட்டிவ் எடுக்கும் முறை. நடுவில் ஒரு படி மிச்சம், ஆனால் சாயம் சீக்கிரம் வெளுக்கும். இவற்றோடு 1978-ஐச் சேர்ந்த இன்னொரு இண்டர்பாசிட்டிவையும் வைத்துக்கொண்டு இத்தாலியின் பொலோன்யா நகரில் லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகம் 4கே தரத்தில் படத்தை மீட்டெடுத்தது. 2025 ஜூன் 27 அன்று அந்நகரின் பியாஸா மஜ்ஜோரே சதுக்கத்தில், திறந்த வெளியில் திரையிட்டார்கள். இந்தியத் தியேட்டர்களுக்கு டிசம்பர் 12 அன்று வந்தது.

முதல் வாரமே போனேன். தாக்கூரின் வேலையாள் ராம்லால் அவருடைய காலணியில் ஆணி பொருத்துகிறார். தாக்கூர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறிய காட்சி, பின்னால் இருந்தவர் பாப்கார்ன் வாங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. வந்து உட்கார்ந்து, "என்ன போச்சு?" என்று கேட்டார். "செருப்புத் தைச்சாங்க" என்றார் பக்கத்திலிருந்த பெண்.

மீட்ட படம் 70 மி.மீ. அளவான 2.2-க்கு 1 என்ற அகலத்தில் இருக்கிறது. சரியான முடிவுதான், 1975-இல் பெரிய தியேட்டர்களில் பார்த்தது அந்தச் சட்டகம். ஆனால் அதில் ராமநகரத்தின் வானம் மறுபடியும் நறுக்கப்பட்டிருக்கிறது. அலமாரியில் இடமில்லை, அந்தப் பழைய டிவிடியைத் தூக்கிப் போடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். போடுவதாக இல்லை.