தில்லித் தெருக்களின் காவல்

தலைநகரில் வாடகைக்கு வீடு அமர்த்தும் தமிழரிடம், முன்பணம் கைமாறிய மறுநாளே வீட்டுக்காரர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். சொந்த ஊர், உத்தியோகம், முன்பு குடியிருந்த இடம் ஆகிய யாவும் எழுதிக் காவல் நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். இதற்கு முகம் சுளிப்போர் உண்டு, நாமும் சுளித்திருக்கிறோம். ஆயினும் இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று.

அபுல் ஃபஸல் இயற்றிய ‘ஆயினே அக்பரி’ நகரக் கொத்தவாலின் கடமைகளை விரித்துரைக்கிறது. வீடுகளையும் வீதிகளையும் அவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வீடுகளைத் தொகுத்து மொகல்லாக்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘மீர் மொகல்லா’வை நியமிக்க வேண்டும். தெருவார் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதாக வாக்களிக்க வேண்டும். வருவோர் போவோர் விவரம் நாள்தோறும் எழுதப்பட வேண்டும். அறிமுகமற்றவர் தங்குவதற்குத் தனிச் சத்திரம். காவலர் எண்ணிக்கை பற்றிய கவலை இம்முறையில் அதிகமில்லை. தெருவாரின் கண்களே காவல். அக்கண்கள் முதலில் வெளியூரான் மீதுதான் விழுந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிழைப்பு நாடி வந்த நம்மைப் போன்றவர்க்கு அது இனிய ஏற்பாடாக இருந்திராது.

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு தில்லியில் கொத்தவால் பதவி மறைந்தது. ஜவாஹர்லால் நேருவின் பாட்டனார் கங்காதர் நேருவே கடைசிக் கொத்தவால். 1861 ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், சீருடை அணிந்த சம்பளக் காவலரைத் தந்தது. பேரரசின் பாதுகாப்பை எண்ணி அமைத்த படை அது. குடிகளோ, அதனிடம் வேறு குறைகளைக் கொணர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 18 ஆம் நாள் சப்ஜி மண்டி நிலையத்தில் பதிவான களவில் போனவை சமையற் பாத்திரங்கள், ஒரு ஹூக்கா, பெண்டிர் ஆடைகள் முதலியனவே.

1912 ஆம் ஆண்டுக் கெஜட்டியர், தில்லி ஜில்லாவின் காவற்படையைக் கணக்கிடுகிறது: இன்ஸ்பெக்டர்கள் 2, சப் இன்ஸ்பெக்டர்கள் 27, ஹெட் கான்ஸ்டபிள்கள் 110, கான்ஸ்டபிள்கள் 985, குதிரை வீரர்கள் 28. பின்னர் தேசப் பிரிவினை வந்தது, அகதிகள் வந்தனர். 1941 இல் ஒன்பது லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த தில்லிப் பிரதேசத்தின் ஜனத்தொகை, 1951 இல் பதினேழு லட்சத்துக்கு மேலாயிற்று. அப்போது காவலர் சுமார் 8,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 218 பேருக்கு ஒரு காவலர்; கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது.

சர்க்கார் கோப்புகளை மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு இத்தகைய வகுத்தற் கணக்கில் நம்பிக்கை குறைவு. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஒன்று, உள்ளபடியான எண்ணிக்கை வேறொன்று. உள்ளவரிலும் விடுப்பில் இருப்போர், நீதிமன்றம் சென்றோர், கைதியோடு போனோர், அமைச்சர் வருகைக்கும் ஊர்வலத்துக்கும் நிறுத்தப்பட்டோர் போக, எஞ்சியவரே தெருவில் நடக்கிறார்கள். அவர்களும் இரவு பகல் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். தலைநகரம் என்ற பெருமைக்குத் தெருக்கள் கொடுக்கும் விலை இது.

நீதிபதி கோஸ்லா தலைமையில் 1966 ஆம் ஆண்டில் அமைந்த குழுவின் அறிக்கையை ஒட்டிப் படை திருத்தியமைக்கப்பட்டது. 1978 ஜூலை முதல் தேதி கமிஷனர் முறை வந்தது. நிலைய எல்லையை ‘பீட்’ எனும் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரக் காவலரிடம் ஒப்புவிக்கிறார்கள். முறை நல்லதே. ஆனால், மீர் மொகல்லா அத்தெருவிலேயே வாழ்ந்தவர். வட்டாரக் காவலரோ தெருவார் பெயர்களைக் கற்று முடிக்கும் வேளையில் மாற்றலாகிச் செல்கிறார். அவர் கற்ற பெயர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தக் குறையை நிரப்ப இன்று பல காலனிகளில் குடியிருப்போர் சங்கங்கள் தாமே பணம் திரட்டிச் சௌகிதார்களை அமர்த்துகின்றன. நம் தெருவில் நள்ளிரவில் தடியைத் தட்டிக்கொண்டு வருபவர் நேபாளத்துக்காரர். எந்த வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய படிவமும் அதே காவல் நிலையத்தில், நம் படிவத்தோடு சேர்த்து அடுக்கப்பட்டிருக்கிறது.