மஞ்சள் விளக்கு பிறந்த கதை

அந்தக் காலத்து மலேசிய ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பிரட்டு, அதாவது ஆள்கணக்கு, நடக்கும். எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயரேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால், பால்மரத்துக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் காரணம் தெரிந்துவிடும். இன்னாருக்குக் காய்ச்சல், இன்னார் வீட்டில் நேற்று ராத்திரி சண்டை, இன்னார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கணக்கைக் கூலிக்காகத்தான் எழுதினார்கள், தொழிலாளிமேல் இருந்த பாசத்தால் எழுதவில்லை. இருந்தாலும் ஓர் ஆள் வராமல் போனது அன்றைக்கே தெரிந்தது.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் அப்படிப் பிரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஜித்ரா ஒரு படிப்பூர். அங்கே ஒரு பிள்ளை வகுப்புக்குப் போவதை நிறுத்தினால், வீட்டுக்குத் தெரிய எத்தனை வாரம் ஆகும்?

அலோர் ஸ்டாருக்கு வடக்கே, தாய்லாந்து எல்லைக்குப் போகும் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஜித்ரா. அதை ஒட்டிய பண்டார் டாருல் அமானில்தான் 1984-இல் வட மலேசியப் பல்கலைக்கழகம் தற்காலிக வளாகத்தில் தொடங்கியது. 1990-இல் அது சிந்தோக்குக்கு இடம்பெயர்ந்தது. சுல்தான் அப்துல் ஹாலிம் முஅட்ஸாம் ஷா பாலிடெக்னிக் இங்கேதான் இருக்கிறது. பண்டார் டாருல் அமான் சமூகக் கல்லூரியும் இந்த வட்டாரத்ததுதான். சமூகக் கல்லூரி என்ற திட்டத்துக்கு மலேசிய அமைச்சரவை 2000-இல் ஒப்புதல் கொடுத்தது. மறு ஆண்டு முதல் 12 கல்லூரிகள் திறந்தன. இன்று நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். எஸ்பிஎம் தேர்வோடு பள்ளியை முடித்து, பல்கலைக்கழகக் கதவு திறக்காத பிள்ளைக்குக் கைத்தொழிலும் சான்றிதழும் தரவேண்டும் என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிக்குள் வருகிற பிள்ளைதான் மிக எளிதாக நழுவிப் போகக்கூடியவன்.

எப்படி நழுவுகிறான் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. பட்டறையில் கைவேலை நன்றாக வரும். பாடமோ மலாயில் நடக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து புகுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது பட்ட திணறல் மறுபடி தொண்டையை அடைக்கும். கைச்செலவுக்குக் காசு போதாது என்று சாப்பாட்டுக் கடையில் இரவு வேலைக்குப் போவான். காலையில் எழுந்திருக்க முடியாது. இரண்டு வகுப்பு போகும், பிறகு நான்கு போகும். விரிவுரையாளர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு மீதியையும் விடுவான். வீட்டுக்குப் போன் செய்யும்போது மட்டும் “நல்லாப் போகுதும்மா.”

இந்தக் கல்லூரிகளில் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் இறுதித் தேர்வில் உட்கார முடியாது என்பது விதி. 14 வாரப் பருவம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் முழுதாக விட்டவனின் வருகை 79-ஐக்கூடத் தொடாது. எச்சரிக்கைக் கடிதம் தயாராகி, கையெழுத்தாகி, தோட்டத்து முகவரிக்கோ எப்போதோ காலி செய்துவிட்ட வீட்டுக்கோ போய்ச் சேருவதற்குள் அந்த மூன்று வாரம் கரைந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் முதல் அரசு இருவருடக் கல்லூரி பிறந்தது. அங்கும் வெகுகாலம் பாதியில் நின்றவனைச் சோம்பேறி, மூளை போதாதவன் என்று எழுதி ஏட்டை மூடினார்கள். 1975-இல் வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் வேறு விதமாகக் கேட்டார். கல்லூரிக்குள் அந்தப் பிள்ளையோடு யார் ஒட்டினார்கள்? எந்த ஆசிரியருக்கு அவன் பெயர் தெரியும்? படிப்பிலும் பழக்கத்திலும் கல்லூரியோடு ஒட்டாதவன்தான் விலகுகிறான் என்று அவர் வாதாடினார். அவர் வாதத்தில் குறைகள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவனை, வீட்டிலிருந்தே வந்துபோகிறவனை அவர் மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனாலும் பழி பிள்ளையின் தலையிலிருந்து இறங்கியதே பெரிய காரியம்.

நழுவுகிறவனை முன்கூட்டியே காட்டும் விளக்கு வருவதற்கு அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பாடங்கள் இணையத்துக்கு வந்திருந்தன. ஒரு மாணவன் பாடப் பக்கத்தைத் திறந்தானா, எத்தனை முறை திறந்தான், ஒப்படைப்பைக் கொடுத்தானா என்பதெல்லாம் கணினியில் பதிவாகிக்கொண்டிருந்தன. யாரும் சீண்டாத அந்தப் பதிவுகளை ஜான் கேம்பல் ஆராய்ந்தார். இதுவரை எடுத்த மதிப்பெண், காட்டிய முயற்சி, பழைய படிப்பு வரலாறு, மாணவனின் பின்னணி ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு கணக்குப் பிறந்தது. 2007-இல் ‘சிக்னல்ஸ்’ என்ற பெயரில் அது வகுப்புக்கு வந்தது. மாணவன் பக்கத்தைத் திறந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒன்று எரியும். பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே எரியும். கூடவே ஆசிரியர் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்.

மாணவர்களைக் கேட்டபோது பலருக்கு மனத்தில் நின்றது அந்த மின்னஞ்சல்தான். ஆசிரியர் எனக்கென்று எழுதினார், நான் வெறும் எண் இல்லை என்று நினைத்தார்கள். பலருக்கும் ஒரே அச்சில் போன கடிதம் அது. அதையே இப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் எவ்வளவு ஏங்கியிருப்பார்கள் என்று நினைத்து நான் கலங்கினேன்.

புகழ் வேகமாகப் பரவியது. சிக்னல்ஸ் இருந்த வகுப்புகளில் படித்தவர்களிடையே பட்டம் பெறுவோர் விகிதம் 21 சதவீதம் கூடியது என்று பர்டியூ சொன்னது. 2013-இல் மைக் கால்ஃபீல்டு என்பவர் அந்தக் கணக்கின் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். முதல் பருவத்தோடு ஓடிப்போனவனுக்கு இப்படிப்பட்ட வகுப்பு ஒன்றுதான் கிடைத்திருக்கும். நிலைத்து நின்றவனுக்கு இரண்டு, மூன்று எடுக்க நாள் இருந்தது. அவன் நின்றதால் வகுப்பின் எண்ணிக்கை கூடியது, வகுப்பு கூடியதால் அவன் நிற்கவில்லை. ஆல் எஸ்ஸா என்ற ஆய்வாளர் விளக்குக்குப் பதில் மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுப்பதாகக் கணினியில் வைத்துப் பார்த்தார். அதே மாதிரி ‘பலன்’ வந்தது! விளக்கே வீண் என்று இதனால் ஆகிவிடாது. விளக்கு எரிந்தபின் யாராவது அந்தப் பிள்ளையிடம் எழுந்து போகிறார்களா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

விடை அதே 2007-இல் நியூயார்க்கில் தொடங்கியிருந்தது. அங்கே நகரப் பல்கலைக்கழகத்தின் சமூகக் கல்லூரிகளில் ‘அசாப்’ என்றொரு திட்டம் வந்தது. மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் 600 பேரிலிருந்து 1,500 பேர்வரை பார்த்தார். இதில் சேர்ந்தவர்களுக்கு 60 முதல் 80 பேருக்கு ஒருவர். அவரை அடிக்கடி நேரில் பார்த்தே ஆகவேண்டும். பாடநூல் இலவசம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாதச் சீட்டு இலவசம். வறுமையில் இருந்த, கணக்கிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டில் இதில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். மற்றவர்களில் 22. இந்தக் கணக்கில் சாக்லேட் ஓட்டை கிடையாது. ஓஹாயோவில் மூன்று சமூகக் கல்லூரிகள் இதையே செய்து பார்த்தபோதும் பலன் ஏறக்குறைய அப்படியேதான் வந்தது.

பஸ் சீட்டைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மாதக் கடைசியில் மோட்டாருக்குப் பெட்ரோல் போடப் பத்து வெள்ளி இல்லாமல் வகுப்பை விட்டவனுக்கு அதுதான் படிப்பு.

பிள்ளையின் கூடவே ஆள் நின்று கைதூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து, நாடு முழுக்கத் தோட்டப் பிள்ளைகளையும் கம்பத்துப் பிள்ளைகளையும் அது தேர்வுக்குத் தயார்செய்தது. அதனால் பல்கலைக்கழகம் போனவர்கள் ஏராளம். ஆனால் ஒரு சமூகமாக நம்முடைய அக்கறை எஸ்பிஎம் முடிவு வருகிற நாளோடு நின்றுவிடுகிறது. பதினொரு ஏ வாங்கியவள் படம் பத்திரிகையில் வரும், கோவிலில் மாலை விழும். ஐந்து பாடம் மட்டும் தேறி ஜித்ராவுக்குக் குளிர்சாதனம் பழுதுபார்க்கப் படிக்கப் போனவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன். கைதூக்கிவிட ஆள் வேண்டியது அவனுக்குத்தான்.

கணினி வரட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. ஜித்ராவிலும் அலோர் ஸ்டாரிலும் கோவில் நிர்வாகங்கள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். வட்டாரத்துக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த நம் பிள்ளைகள் யார் என்று பருவத் தொடக்கத்தில் விசாரித்து, ஆளுக்கு ஐந்து பேரைப் பொறுப்பெடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இந்தப் பருவம் கல்லூரிக்குப் போயிருந்தால், இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஒரு முறை கூப்பிடுங்கள். பசியாறியாச்சா என்று முதலில் கேளுங்கள். பிறகு இன்றைக்கு என்ன வகுப்பு, யார் எடுத்தார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திட்டாதீர்கள். அந்தச் சனிக்கிழமையே ஜித்ராவுக்குப் பஸ் ஏறுங்கள்.