புகாரை முடித்து வைப்பவர் யார்? மனுவிலிருந்து செயலி வரை நகராட்சிக் குறைதீர்ப்பின் வரலாறு: சென்னையை முன்வைத்து

முன்னுரை

தெருவிளக்கு எரியவில்லை, வடிகால் மூடி உடைந்திருக்கிறது, குப்பை அள்ளப்படவில்லை என்று மாநகராட்சியிடம் முறையிட இன்று கைப்பேசிச் செயலி போதும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால் உடனே புகார் எண் வந்துவிடுகிறது. இந்த வசதியை வேகத்தையும் எளிமையையும் கொண்டே மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அதன் வரலாற்றை வேறு மூன்று கேள்விகளால் அணுகுகிறது. புகாரைப் பெறுபவர் யார்? அதை வேறு எவரெல்லாம் பார்க்க முடிகிறது? குறை தீர்ந்தது என்று பதிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்கான விடை காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. மூன்றாவதற்கான விடை பெரிதும் மாறவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மாமன்றம் இல்லாத ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டில் அதன் நிர்வாகத்துக்கு 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் அடிப்படையாக அமைந்தது. வட்டத்துக்கு ஒரு கவுன்சிலர் என்ற ஏற்பாட்டில் முறையீடு என்பது நேரில் நடக்கும் காரியம். கவுன்சிலர் வீட்டுத் திண்ணையிலோ அலுவலகத்திலோ மனு கொடுப்பார்கள். அவர் அதை மன்றக் கூட்டத்தில் எழுப்பலாம், பொறியாளரை அழைத்துக் கேட்கலாம். புகாரோடு வாக்கும் பிணைந்திருந்தது.

இந்தப் பிணைப்பு 1973இல் அறுந்தது. ஊழல் குற்றச்சாட்டுகளை அடுத்து, கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றம் கலைக்கப்பட்டு, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே தன் வட்டத்துக்குக் கவுன்சிலர் இல்லாமல் வளர்ந்தது. மனு அதிகாரியின் மேசைக்குப் போனது. மேலே எடுத்துச் செல்ல வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினரைத்தான் நாட வேண்டியிருந்தது. நகர்ப்புற உள்ளாட்சிக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடமளித்த 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகே தேர்தலைத் தள்ளிப்போடுவது கடினமானது.

தொலைபேசி எண்ணும் பதிவேடும்

புகாரைப் பெறும் முறையில் அடுத்த மாற்றம் தொலைபேசி வழியே வந்தது. அமெரிக்காவில் அவசர எண்ணான 911இன் சுமையைக் குறைக்க, பால்டிமோர் நகரக் காவல் துறை 1996 அக்டோபரில் 311 என்ற எண்ணைத் தொடங்கியது. சிகாகோ 1999இல் அதை நகராட்சிச் சேவைகள் அனைத்துக்குமான எண்ணாக விரித்தது. நியூயார்க் 2003இல் பின்தொடர்ந்தது. இதன் சிறப்பு அழைப்பு வசதி மட்டுமன்று. ஒவ்வொரு அழைப்பும் எண்ணிடப்பட்டுக் கணினியில் பதிவானதால், எந்தத் தெருவில் எந்தக் குறை மீண்டும் மீண்டும் வருகிறது என்று நிர்வாகம் முதன்முறையாகத் தொகுத்துப் பார்க்க முடிந்தது.

சென்னையில் 1913 என்ற புகார் எண் இதே வேலையைச் செய்கிறது. எந்தத் துறை, எந்த அலுவலர் என்று தெரியாதவரும் முறையிடலாம் என்பது பெரிய மாற்றம். ஆயினும் அந்தப் பதிவேடு நிர்வாகத்தின் கண்ணுக்கு உரியது. ஒரே தெருவில் ஒரே குறையை முறையிட்ட பத்துப் பேர் ஒருவரை ஒருவர் அறிய வழியில்லை.

பொதுவெளிக்கு வந்த புகார்

இரண்டாவது கேள்விக்கான விடையை மாற்றியது பிரிட்டனின் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட். மைசொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு 2007இல் தொடங்கிய இத்தளத்தில், வரைபடத்தில் இடத்தைக் குறித்துக் குறையை எழுதினால், அது எந்த உள்ளாட்சிக்கு உரியதோ அங்கே போய்ச் சேரும். அதே வேளையில் புகார் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் நிற்கும். நான்கு வாரங்கள் கழித்து, குறை சரியானதா என்று முறையிட்டவரிடமே கேட்கப்படும். தீர்வைப் பற்றிய கடைசிச் சொல் உள்ளாட்சிக்கு மட்டும் உரியதாக இல்லை.

இதைத் தொடங்கியவர்கள் நகராட்சிக்கு வெளியில் இருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 2008இல் தோன்றிய சீகிளிக்ஃபிக்ஸும் அவ்வாறே. கேமராவும் இடங்காட்டியும் ஒன்றாயமைந்த திறன்பேசிகள் அதே ஆண்டுகளில் பரவியதால் இம்முயற்சிகள் விரைவிலேயே செயலிகளாயின. பின்னர் நகராட்சிகளே செயலி வெளியிடத் தொடங்கியபோது வரைபடமும் படமும் உடன் வந்தன. பொதுப் பார்வையும் முறையிட்டவரின் ஒப்புதலும் எல்லா இடத்திலும் வரவில்லை.

இந்தியச் செயலிகள்

தூய்மை இந்தியா இயக்கத்தின் பகுதியாக ஒன்றிய அரசு 2016இல் ஸ்வச்சதா செயலியை அறிமுகப்படுத்தியது. தூய்மை நகரங்களின் தரவரிசையில் இச்செயலியின் பயன்பாட்டுக்கும் மதிப்பெண் தரப்பட்டதால், பதிவிறக்கம் செய்யுங்கள் என்று நகராட்சிகளே வீடுவீடாகக் கேட்டுக்கொண்டன. குறையைத் தெரிவிப்பதற்கான கருவி, நகரத்தின் மதிப்பெண்ணைக் கூட்டும் கருவியாகவும் ஆயிற்று.

சென்னையில் இரு நிகழ்வுகள் இதனோடு சேர்ந்தன. 2011இல் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வட்டங்களோ 155இலிருந்து 200 ஆக மட்டுமே உயர்ந்தன. சொந்த நகராட்சியோ ஊராட்சியோ வைத்திருந்த புறநகர்ப் பகுதிகள் மண்டலங்களுக்குள் அடங்கின. அடுத்து, 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. மாநகராட்சியின் ‘நம்ம சென்னை’ செயலி இந்த இடைவெளியில்தான் மக்களிடம் வந்தது. கவுன்சிலர் இல்லாத நகரத்தில் குறை சொல்லச் செயலி கிடைத்தது. குறையைப் பெறும் வேலையை அது செய்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் மன்றத்தின் வேலையை அதனால் செய்ய முடியாது.

தெருவின் நிர்வாகப் பிளவும் இங்கே சேர்கிறது. சாலையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை, குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978இல் உருவான குடிநீர் வாரியத்துடையவை, மின்கம்பி மின்வாரியத்துடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. வாரியம் தோண்டிய பள்ளத்தை மாநகராட்சிச் செயலியில் படத்தோடு அனுப்பினால், ‘எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல’ என்ற பதிலோடு புகார் முடிய வாய்ப்பு உண்டு. கணக்கில் புகார் தீர்ந்தது, பள்ளம் இருக்கிறது. சில செயலிகள் முறையிட்டவரின் கருத்தைக் கேட்பதுண்டு. எனினும் முடிவைப் பதிவு செய்பவர் அலுவலரே.

விடுபடுவோர்

செயலித் தரவுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. 2012இல் பாஸ்டன் நகரம் வெளியிட்ட ஸ்ட்ரீட் பம்ப் செயலி, கார் குலுங்குவதைக் கைப்பேசி மூலம் உணர்ந்து சாலைப் பள்ளங்களைத் தானே பதிவு செய்தது. திறன்பேசி குறைவாக உள்ள ஏழைப் பகுதிகளும் முதியோர் வாழும் பகுதிகளும் இத்தரவில் விடுபடும் என்று ஆய்வாளர் கேட் கிராஃபோர்டு 2013இல் சுட்டிக்காட்டினார். சென்னைக்கும் இது பொருந்தும். கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து புகார் குறைவாக வந்தால், அதைக் குறை இல்லாததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

முடிவுரை

மனுவிலிருந்து தொலைபேசிக்கும், அங்கிருந்து செயலிக்கும் வந்த பாதையில் புகாரைப் பெறும் வாயில்கள் பெருகியுள்ளன. முடித்து வைக்கும் கை ஒன்றாகவே உள்ளது. இதை மாற்றும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. 2022இல் மாமன்றம் மீண்டும் அமைந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில், வட்டத்தின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. வட்டவாரியாக வந்த புகார்கள், முடிக்கப்பட்டவை, முடித்ததற்கான காரணங்கள் ஆகியவற்றைப் பகுதி சபையின் முன் வைத்து, அங்குள்ளோர் ஒப்புக்கொண்ட பிறகே தீர்ந்ததாகக் கணக்கிடலாம். செயலி இல்லாதவரும் அங்கே பேசலாம். பல துறைகளுக்கு இடையே சிக்கிய புகாரைக் கவுன்சிலர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பதிவேட்டைத் திறந்து வைக்க நிர்வாகம் இசைய வேண்டும்.