கண்ணாடிக்குள் பூத்த பூ

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். பலாவும் அன்னாசியும் குவிந்திருந்த இடத்தின் ஓரத்தில் மூதாட்டி ஒருவர் சாக்கு விரித்துப் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒரு மணியில் வெள்ளைப் பூ ஒன்று தெரிந்தது. மேலே தீட்டிய பூ அன்று. கண்ணாடிக்குள்ளேயே இருந்த பூ. “இவ்வித்தையெல்லாம் யவனர் நமக்குக் கற்பித்தவை” என்றார் நண்பர். படித்தோர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். அதில் பாதிதான் உண்மை.

பூக்கண்ணாடி எகிப்திலும் ரோமானிய நாடுகளிலும் சிறந்தோங்கிய கலை என்பதில் ஐயமில்லை. பன்னிறக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாகச் சேர்த்து, உலையில் இளக்கி, இருமுனையும் பற்றி இழுப்பர். கட்டு நீண்டு மெலியும். உள்ளே அமைந்த உருவமோ சிதையாமல் சிறுக்கும். ஆறிய கோலை வில்லைகளாக நறுக்கினால் வில்லைதோறும் அதே பூ. அவற்றை நெருக்கி அடுக்கிச் சூட்டில் ஒட்டவைத்து, அச்சின்மேல் வளைத்து மெருகிட்டால் கிண்ணம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் மனித முகங்களையும் இவ்வாறு அமைத்தனர். கோலில் இருப்பது பாதி முகம் மட்டுமே! ஒரே கோலின் இரு வில்லைகளை எடுத்து, ஒன்றைப் புரட்டிப் பக்கத்தில் வைத்தால் முழுமுகம் தோன்றும்.

அரபியில் ‘ஃபுஸைஃபிஸா’ எனப்படுவது சிறு துண்டுகளைச் சுவரில் பதிக்கும் வேலை; திமிஷ்கின் உமையாப் பள்ளியில் காண்பது அது. இதனோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் பூக்கண்ணாடியையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். கலீபா முஃதஸிம் கி.பி. 836-இல் தலைநகராக்கிய ஸாமர்ராவின் அரண்மனை இடிபாடுகளில் இவ்வகைக் கண்ணாடி ஓடுகள் அகப்பட்டுள்ளன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். முசிறியில் இறங்கிய சரக்குகளுள் உருவாக்கப்படாத கண்ணாடியும் ஒன்றென்று பழைய கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்ளூஸ் கூறுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ரோமானிய விலாக்கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்துள்ளன. 1945-இல் அங்கு அகழ்ந்த வீலர் யவன வாணிகத்தை உலகறியச் செய்தார். நண்பரின் எண்ணத்துக்கு வேர் இதுவே.

ஆனால் அரிக்கமேட்டின் பெருஞ்செல்வம் கிண்ணமன்று. கடுகளவான ஒருநிற மணிகள். உலையிலிருந்து கண்ணாடியை உள்துளையுள்ள குழலாக இழுத்து, நுணுக்கமாக நறுக்கி, மீண்டும் சூடேற்றிக் கூர்விளிம்பை மழுக்குவர். குழல் எவ்வளவு மெலிந்தாலும் துளை மூடுவதில்லை. எகிப்தியர் பூவைக் காத்த அதே இயல்பைக்கொண்டு நம்மவர் துளையைக் காத்தனர்! இம்மரபில் எழுந்த மணிகள் தென்கிழக்காசியா வரை சென்றன. அவற்றுட் பலவற்றில் அலுமினா மிகுதி. ரோமானியக் கண்ணாடியில் அது குறைவு. மணலே வேறு என்றால், வந்த கட்டியை உருக்கி வாழ்ந்தவர்கள் மட்டும் என்று நம்மவரை எவ்வாறு சொல்வது? ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் குழலிழுப்போர் இருந்தனர்.

இவற்றைச் சொல்லியவாறே மலையிறங்கினோம். வளைவொன்றில் பேருந்து நின்றபோது, நண்பர் தாம் வாங்கிய மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இம்முறை பூவைப் பார்க்கவில்லை, துளையைப் பார்த்தார்.