மேல்வாரமும் குடிவாரமும்: கள்ளக்குறிச்சிச் சீமையிலும் கல்வராயன் மலையிலும் குத்தகைச் சட்டங்களின் வரலாறு

நிலத்துக்குடையவன் ஒருவனும் அதில் பாடுபடுகிறவன் மற்றொருவனுமாக இருக்கும் இடங்களிலெல்லாம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும், பாடுபடுகிறவனை உடையவன் எந்தக் காரணத்தால் வெளியேற்றலாம் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகின்றன. உடையவன் பங்கை மேல்வாரம் என்றும் உழுபவன் பங்கைக் குடிவாரம் என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கிய இரண்டு பாத்தியதைகளுக்கு இடையே வரம்பு கட்டுவதற்காகவே, சென்ற இருநூறு ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களில் பெரும்பாலானவை தோன்றின. கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதற்கு மேற்கே எழும் கல்வராயன் மலையையும் ஒருசேர வைத்து அச்சட்டங்களின் போக்கை ஆராய்வோர்க்கு, குடியானவனின் காப்பும் உடைமையாளனின் நியாயமும் எழுத்து மூலமான ஆதாரம் என்ற ஒரே தூணில் சாய்ந்து நின்றன என்பதும், அத்தூண் இல்லாத இடத்தில் எவ்வளவு தயாளமான சட்டமும் பயனற்றுப் போயிற்று என்பதும் விளங்கும்.

1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை ஜமீன்தாரின் உரிமையை ஸ்திரப்படுத்தியதை எல்லோரும் அறிவர். அதே ஆண்டில் பிறந்த 30-ஆம் ஒழுங்குவிதி, ஜமீன்தார் தம் குடிகளுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கவும் குடிகள் அதை ஏற்று முச்சலிக்கா என்னும் ஒப்புதல் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் வேண்டுமென்று விதித்ததை நினைவில் வைத்திருப்போர் சிலரே. 1865-ஆம் ஆண்டின் வாரவசூல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ளாத நிலச்சுவான்தார் வாரபாக்கிக்கு வழக்குத் தொடரவே முடியாதபடி செய்தது. தமக்கு வரவேண்டியதை வசூலிக்க விரும்பும் உடைமையாளரே குடியின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, என் கருத்தில், பின்னால் வந்த பல பெரிய சீர்திருத்தங்களைவிட நுட்பமான சமரசம். 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ரயத்து நிலத்தை அனுபவித்து வந்த குடிக்கு நிரந்தரக் குடிவார உரிமையை அளித்தது; டி. பிரகாசம் தலைமையில் அமைந்த குழு 1938-இல் ஜமீன் குடிகளின் கஷ்டங்களை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1947-இல் வாரக் குறைப்பும் 1948-இல் ஜமீன் ஒழிப்பும் சட்டமாயின.

கல்வராயன் மலையிலோ வரலாறு வேறு வழியில் நடந்தது. தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்தும், கடுக்காய் பொறுக்கியும் வாழ்ந்த அம்மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி, சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் பரம்பரைகளின் ஆளுகையில் இருந்தது. நிலத்தை அளந்து வரி விதிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை; ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று உழைப்புக் கருவியின்மேல் வரி சுமத்துவதே வழக்கமாயிருந்தது. இதன் விளைவைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். சமவெளியில் ஒரு குடி வரி செலுத்தினால், அந்தச் செலுத்துதலே இன்ன நிலத்தில் அவன் இன்ன ஆண்டு சாகுபடி செய்தான் என்பதற்குச் சாட்சியாகிறது. மலையில் ஏர் ஒன்றும் கொத்து இரண்டும் வைத்திருந்த குடும்பம் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தியும், எந்தக் கொல்லை தங்களுடையது என்று காட்ட ஒரு வரி எழுத்துகூட அதனால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வரியோடு ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் வேலை செய்யும் கடமையும் சேர்ந்திருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும், 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டம் பிறந்த பின்னும் நீடித்த இந்த ஜாகீர் முறை, 1976-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் முடிவுக்கு வந்தது. 1955-க்குப் பின் கீழே சமவெளியில் குத்தகைதாரர் நீதிமன்றத்தில் நின்று வாதாடிக்கொண்டிருந்த இருபது ஆண்டுகளும், மேலே மலையில் ஏர் எண்ணிக் கொண்டிருந்த ஆண்டுகளே என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை.

சமவெளிக்கு வந்த சட்டங்களில் தலையானவை இரண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகை பாக்கி வைத்தல், பயிரைப் பாழாக்குதல், நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடையவரின் பாத்தியதையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய காரணங்களாலன்றிக் குத்தகைதாரரை வெளியேற்றலாகாது என்று விதித்தது. 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம், உடையவரின் பங்கை நன்செய்க்கு 40 சதவீதம் என்றும், நீர் இறைத்துப் பாய்ச்சும் நன்செய்க்கு 35 சதவீதம் என்றும், ஏனையவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் நிர்ணயித்தது. பிற்காலத் திருத்தத்தால் அது எல்லா நிலத்துக்கும் 25 சதவீதமாயிற்று. உடைமையாளரின் பக்கத்தை இச்சட்டங்கள் அடியோடு புறக்கணித்தன என்று சொல்வது நியாயமாகாது. சொந்தமாகப் பயிரிட விரும்பும் சிறு உடைமையாளர் குத்தகைக்கு விட்டதில் பாதிக்கு மேற்படாமல் மீட்டுக்கொள்ள வழி செய்யப்பட்டது. 13 ஏக்கர் 33 சென்ட் நன்செய்க்கு மேல் உடையவருக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. இரண்டு ஏக்கரை வாரத்துக்கு விட்டுவிட்டு அதன் நெல்லில் ஜீவிக்கும் விதவையையும், பல காணி நிலத்தை ஏஜண்டு மூலம் ஆளும் மிராசுதாரரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்ற விவேகம் அதில் இருக்கிறது.

ஆனால் வாய்மொழிக் குத்தகையே வழக்கமாயிருந்த நாட்டில் நான் குத்தகைதாரன் என்று நிரூபிப்பது எப்படி? ரசீது எழுதிக் கொடுத்தால் பாத்தியதை ஏற்பட்டுவிடும் என்று உடையவர் அஞ்சினார். ரசீது கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுதவர் அஞ்சினார். இந்த இரட்டை அச்சத்தை நீக்கவே 1969-ஆம் ஆண்டின் 10-ஆம் சட்டம் குத்தகை உரிமைப் பதிவேட்டை ஏற்படுத்தியது. பதிவானவர் காப்புப் பெற்றார், பதிவாகாதவர் பலராயினர். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள இச்சீமையில், கரும்பை ஆலைக்குப் பதிவு செய்யவும் பயிர்க்கடன் பெறவும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவு வேண்டும். அதில் பெயரில்லாத குத்தகைதாரர் தம் வியர்வையில் வளர்ந்த கரும்பை உடையவர் பெயரில் அனுப்பிவிட்டு, பணத்துக்கு அவர் கையையே எதிர்பார்த்து நிற்க நேர்கிறது. உடையவர் நல்லவராயின் குறையில்லை. அல்லராயின் முறையிட இடமில்லை.

நகரத்து வீட்டு வாடகையிலும் இதே படிப்பினை காணக் கிடக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டடத்தின் மதிப்பைக் கொண்டு நியாய வாடகை நிர்ணயித்தது. பழைய வாடகையில் பல ஆண்டுகள் உறைந்துபோன வீடுகளை உடையவர் பழுதுபார்க்காமல் விட்டனர் என்ற புகார் ஆதாரமற்றதன்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம், வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டு, முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் கட்டுப்படுத்தி, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில் வீடு தேடி வந்த ஊழியருக்கும் வீடு வைத்திருப்போருக்கும் இதனால் நன்மையே. எனினும் கைநீட்டி முன்பணம் வாங்கிச் சாவியைக் கொடுக்கும் பழக்கம் பதிவு அலுவலகத்தின் படியேறத் தயங்குகிறது.

மலையில் ஜாகீர் போன பின் அரசே உடைமையாளரின் ஸ்தானத்தை அடைந்தது. காடு என்று பதிவான நிலத்தில் உழுது வந்த மலையாளிக் குடும்பங்கள், முன்னே ஜாகீர்தாரின் குடிகளாக இருந்தது போல, இப்போது வனத்துறையின் பார்வையில் ஆக்கிரமிப்பாளராயினர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபோகத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை பழங்குடியினருக்கு உரிமை வழங்குகிறது. தமிழ்நாட்டிலோ, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றத்தால்தான் அத்தடை நீங்கியது. காகிதமில்லாத அனுபோகத்தை மதிக்கும் வழி அச்சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது: கட்டிய கரை, சமன் செய்த நிலம், கிணறு, இடுகாடு ஆகியவை சான்றாகும், உரிமை கோருபவரல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலமும் எழுத்தில் பதிவு செய்யப்பட்டால் சான்றாகும். வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களில் ஜாகீர்தாருக்கு ஏர்வரி செலுத்திய காலத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கொல்லையை எவருடைய தகப்பனார் திருத்தினார் என்று அறிந்த அவர்களின் வாக்குமூலங்களைக் கிராம சபைகள் ஊர்தோறும் எழுதி வாங்குவது, அவர்கள் உயிரோடிருக்கும்போதே முடிக்கவேண்டிய வேலை.