நடுவில் நின்ற பிள்ளையள்

"பிள்ளையளுக்காகத்தான் சேர்ந்திருக்கிறம்." ரொறன்ரோவில் இந்தக் கதையைக் கேட்காத தமிழர் இருக்கமாட்டினம். அதோடு இன்னொன்றும் சொல்லுவினம்: "டைவேர்ஸ் எல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம்." அந்த வெள்ளைக்காரனுக்கே இது எப்போது பழக்கமானது என்று பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

1968 வரை கனடாவில் நாடு முழுக்கப் பொதுவான விவாகரத்துச் சட்டமே இல்லை. ஒன்ராறியோவில் துணை சோரம் போனதை நிரூபிக்கவேண்டும். கியூபெக், நியூஃபவுண்ட்லாந்துக்காரர் பாராளுமன்றத்துக்கே விண்ணப்பிக்கவேண்டும். 1968 சட்டம் மூன்று வருடம் பிரிந்திருந்தால் போதும் என்றது. 1986இல் நடைமுறைக்கு வந்த அடுத்த சட்டம் அதை ஒரு வருடமாக்கியது. அந்த 1986 ஓகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்தார்கள்.

நாங்கள் விட்டு வந்த நாட்டில், 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், ஆண்மையின்மை என்ற மூன்றே காரணங்கள். யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அந்த மனக்கணக்கோடுதான் பிளேன் ஏறினோம்.

ஆனால் எங்கட முன்னோர் பிள்ளையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், மனைவி இறந்து தகப்பன் மறுமணம் செய்தால் பிள்ளையை அம்மம்மா பக்கம் பொறுப்பெடுக்கும், தாயின் சீதனமும் தேடிய தேட்டத்தில் பாதியும் பிள்ளையோடு போகும் என்று இருக்கிறது. சாவுக்கு ஏற்பாடு இருந்தது. உயிரோடு இருக்கிற இருவர் பிரிந்தால், அதுவும் அம்மம்மா யாழ்ப்பாணத்திலும் பிள்ளை ஸ்காபரோவிலும் இருந்தால், என்ன செய்வது?

எங்கட பிள்ளையளுக்குப் பிரிவு கோட்டில் தொடங்கவுமில்லை. தகப்பன் முதலில் வந்தார். அகதி வழக்கு, பிறகு ஸ்பொன்சர் என்று வருடங்கள் போயின. ஆறு வயதில் விட்டு வந்த மகளைப் பன்னிரண்டு வயதில் பியர்சன் விமானநிலையத்தில் கண்டவர்கள் உண்டு. அவளுக்கு அவர் போட்டோவில் பார்த்த மனிசன். அதைப் பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தாயும் தகப்பனும் பிரிந்தால் அது இரண்டாவது இழப்பு.

கலிபோர்னியாவில் 1971இலிருந்து ஜூடித் வொலர்ஸ்ரைன் 131 பிள்ளைகளை இருபத்தைந்து வருடம் பின்தொடர்ந்தார். காயம் பெரியவர்களான பிறகும் ஆறவில்லை என்றார். மேவிஸ் ஹெதரிங்டன் என்ற ஆய்வாளர் அவ்வளவு இருட்டில்லை என்றார்: கடுமையான பிரச்சினை வந்தது நாலில் ஒரு பிள்ளைக்கு, பிரியாத குடும்பங்களில் பத்தில் ஒன்றுக்கு. நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் எங்கட ஆட்கள் வொலர்ஸ்ரைனை மட்டும்தான் தூக்கிப்பிடிப்பினம். சேர்ந்திருந்து தினமும் அடிபடுகிற வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் கதை மாறிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. தாய்க்கு ஆங்கிலம் வராது. லோயரின் கடிதம் வந்தால் பத்து வயது மகன்தான் வாசித்துச் சொல்லவேண்டும். தகப்பனைப் பற்றித் தாய் தரப்பு எழுதியதையும், தாயைப் பற்றித் தகப்பன் தரப்பு எழுதியதையும் அவன் வாயாலேயே தமிழில் சொன்னான். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னான். வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் துன்பம்தான், ஆனால் இந்த வேலை அதற்கு இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் பிள்ளையிடம் வந்தது. 1997இல் செலவுப் பணத்துக்கு அட்டவணை வந்தது. 2021 மார்ச் 1இல் 'கஸ்ரடி', 'அக்ஸஸ்' என்ற சொற்களையே எடுத்துவிட்டு, முடிவெடுக்கும் பொறுப்பு, பிள்ளையோடு இருக்கும் நேரம் என்று எழுதினார்கள். வழக்கால் வரும் சண்டையிலிருந்து பிள்ளையை இயன்றவரை காப்பது பெற்றோரின் கடமை என்றும் அதில் சேர்த்தார்கள்.

அந்தப் பெடியனுக்கு இப்ப நாற்பதுக்குக் கிட்ட. தாய்க்கு வருகிற கடிதங்களை இன்றைக்கும் அவன்தான் வாசிக்கிறான்.